டில்லர் எக்ஸ்டென்ஷன்: சின்னப் பாய்மரப் படகுக்குத் தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

சின்னப் பாய்மரப் படகில் சுக்கானைத் திருப்புவதற்கு டில்லர் என்றொரு கட்டை இருக்கும். அதன் முன்முனையில் எல்லாப் பக்கமும் வளைகிற மூட்டு ஒன்றை வைத்து, அதில் ஒரு நீளக் குச்சியை மாட்டினால் அதுதான் டில்லர் எக்ஸ்டென்ஷன். படகு ஓட்டுகிறவர் கையில் எப்போதும் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று பெரிய பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் மெயின்ஷீட் கயிறு, இன்னொன்று இந்தக் குச்சி. புதிதாகப் படகு வாங்குகிறவர்கள் பாய்க்கும் கயிற்றுக்கும் யோசித்து யோசித்துச் செலவு செய்வார்கள். இதற்கு மட்டும் கிடைத்ததை மாட்டிக்கொள்வார்கள்.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு பாய்மரப் படகா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பாலாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிறது. ஏலகிரி புங்கனூர் ஏரிக்குப் போனால் மிதிபடகு மாதிரி சுற்றுலாப் படகு கிடைக்கும், அவ்வளவுதான். மோர்தானா அணை, காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய நீர்நிலைகளில் அனுமதி வாங்காமல் யாரும் படகை இறக்கக் கூடாது. ஆகவே பாய் விரிக்க வேண்டுமென்றால் நம்மூர்க்காரர்களுக்குச் சென்னைதான். 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் அங்கே துறைமுகத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் படகு ஓட்டி, 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய விஷ்ணு சரவணன் பிறந்தது வேலூரில்தான். அவர் ஓட்டுவது ஐ.எல்.சி.ஏ. 7, அதாவது பழைய பெயரில் லேசர். இந்தக் குச்சி இல்லாமல் அந்தப் படகைப் பந்தயத்தில் ஓட்டவே முடியாது.

நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. சின்னப் படகில் டில்லர் தனியாகக் கழன்று வந்துவிடும். அளவை மட்டும் படகில் எடுத்துக்கொண்டு, டில்லரைப் பையில் செருகிக் காட்பாடி வண்டியைப் பிடித்து வந்துவிட்டால் மிச்ச வேலை எல்லாம் வீட்டிலேயே முடிந்துவிடும். கப்பல் சாமான் கடை இங்கே இல்லை. ஆனால் ஹார்டுவேர் கடையும் லேத் பட்டறையும் லாரி உதிரிபாகக் கடையும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன.

முதலில், எதற்கு இது

காற்று அடித்தால் படகு சாயும். அதை நிமிர்த்த நீங்கள் காற்று வருகிற பக்கத்து விளிம்பில் உட்கார்ந்து, கால்பட்டியில் பாதத்தை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்க்க வேண்டும். அப்படிச் சாயும்போது டில்லர் கைக்கு எட்டாது. எட்டவேண்டும் என்று பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து வேகம் செத்துவிடும். எக்ஸ்டென்ஷன் இருந்தால் உடம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், சுக்கானும் கையில் இருக்கும்.

நீளத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள்

சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் 2.3 மீட்டர் சொச்சம் நீளமுள்ள படகு. அதற்கு 60, 70 செ.மீ. பக்கம் போதும். 4.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும் லேசருக்கு ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை வைத்துக்கொள்கிறார்கள். இந்த எண்கள் எல்லாம் ஒரு வழிகாட்டிதான். உங்கள் கை நீளம், உட்காரும் இடம், மெயின்ஷீட் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் பொறுத்து இது மாறும்.

அளப்பதற்கு முக்கால் அங்குல பி.வி.சி. ஒயரிங் பைப் ஒன்று போதும், ஒன்றரை மீட்டருக்கு வெட்டி எடுத்துப் போங்கள். படகு கரையில் டிராலிமேல் ஆடாமல் நிற்கட்டும். சுக்கானை மாட்டி, டில்லரை நேராக நடுவில் வைத்து, மூட்டு வரப்போகும் இடத்தில் பைப்பின் ஒரு முனையைக் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். பிறகு விளிம்பில் ஏறி, நிஜமாகவே காற்றில் சாய்வதுபோல் சாயுங்கள். ஒருவர் உங்கள் காலைப் பிடித்துக்கொள்வது நல்லது. பைப் உங்கள் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து, முழங்கை தளர்வாக மடங்கியிருக்க, கை எங்கே தானாகப் பிடிக்கிறதோ அங்கே ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு கைப்பிடி நீளம் விட்டு இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடுதான் உங்கள் நீளம்.

உடனே வெட்டிவிடாதீர்கள். டில்லரை இரண்டு பக்கமும் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். அப்புறம் பூமை, அதாவது பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் குறுக்குக் கட்டையை, தலைக்கு மேலே கொண்டுவந்து, மெயின்ஷீட்டை மாட்டி, குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சுழற்றுங்கள். படகின் நடுவிலிருந்து மெயின்ஷீட் எழும்பும் படகுகளில் குச்சி ரொம்ப நீளமாக இருந்தால் சரியாக அந்தக் கயிற்றில் போய்த் தட்டும். திசை மாற்றும் வேளையில் அப்படித் தட்டினால் சுக்கான் பாதியில் நின்றுவிடும், படகு காற்றுக்கு முகம் காட்டி அசையாமல் நிற்கும். எட்டவும் வேண்டும், தட்டவும் கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால் ஐந்து செ.மீ. குறைவாக வைப்பதே மேல் என்பது என் கணக்கு.

நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் டெலஸ்கோப் வகையும் கிடைக்கும். அப்பாவும் பிள்ளையும் மாறி மாறி ஓட்டும் படகு என்றால் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம். பூட்டுக்குள் மணல் புகுந்தால் திருகவும் வராது, நிற்கவும் நிற்காது.

குச்சி

கடையில் விற்பவை பெரும்பாலும் 16 மி.மீ. பக்கம் வெளிவிட்டமுள்ள அலுமினியக் குழாய்கள். கார்பன் ஃபைபரும் உண்டு. அது இறகு மாதிரி இருக்கும், விலையும் அதற்கேற்றாற்போல் இருக்கும். ஒரு இடத்தில் கீறல் விழுந்து முறிந்தால் சிராய் கையில் ஏறும். கற்றுக்கொள்கிறவருக்கு அலுமினியம் போதும்.

ஜன்னல் சட்டம் செய்கிற அலுமினியக் கடைகளில் குழாய் கிடைக்கும். பன்னிரண்டு அடி முழு நீளமாகத்தான் தருவோம் என்பார்கள். "வெட்டுத் துண்டு இருக்காண்ணா?" என்று கேளுங்கள். மூலையில் கிடப்பதிலிருந்து எடுத்து எடைக்குப் போட்டுத் தருவார்கள். சுவர் கனம் 1.5 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். திரைச்சீலைக்குப் போடும் மெல்லிய குழாயை வாங்கிவிட்டால் தடுமாறி ஒரு தடவை அதன்மேல் விழுந்தாலே மடங்கிவிடும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் உறுதிதான், ஆனால் கனம். அளப்பதற்குக் கொண்டுபோன பி.வி.சி. பைப்பையே மாட்டிக்கொள்ளலாமா என்றால், நம்மூர் வெயிலில் அது நிற்காது, பிடித்த இடத்தில் வளையும்.

கல் மூங்கில் நேரான துண்டாகக் கிடைத்தால் அதையும் ஒதுக்க வேண்டாம். உள்ளே பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், கையைச் சுடாது, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். கணுவை ராவி, வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் போதும்.

மூட்டு: காசு போட வேண்டிய இடம்

குச்சியில் மிச்சம் பிடியுங்கள், மூட்டில் பிடிக்காதீர்கள். சுக்கானில் தண்ணீர் எப்படி அழுத்துகிறது என்பது இந்த மூட்டு வழியாகத்தான் கைக்கு வருகிறது. மூட்டில் ஆட்டம் இருந்தால் அந்தச் சேதி வராது. நீங்கள் குச்சியை அசைப்பீர்கள், அரைக் கணம் கழித்து டில்லர் அசையும்.

இரண்டு வகை உண்டு. ஆணி போட்ட உலோக மூட்டு வெயிலுக்கு அசராது. ஆனால் நாளாக ஆக ஆணித்துளை தேய்ந்து லொடலொடக்கும். ரப்பர் அல்லது யூரித்தேன் மூட்டு ஒரே வார்ப்பு, எந்தப் பக்கமும் வளையும், ஆட்டமே இருக்காது. அதற்கு எதிரி வெயில். நான் ரப்பர் கட்சி. ரான்ஸ்டன், ஹோல்ட் போன்ற கம்பெனிகளின் மூட்டைத் தனியாக வரவழைக்கலாம். வாங்கும்போது அதன் செருகுமுனை உங்கள் குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்துமா என்று பாருங்கள். குழாயை முதலில் வாங்கிவிட்டு மூட்டைத் தேடுவது வீண் அலைச்சல். மூட்டு கைக்கு வந்தபின் அதை எடுத்துக்கொண்டு அலுமினியக் கடைக்குப் போங்கள்.

வரவழைக்க வழியில்லை, அவசரம் என்றால் லாரி உதிரிபாகக் கடையில் உள்ளே நூல் வைத்த கெட்டியான ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். பத்து செ.மீ. துண்டின் ஒரு பக்கத்தைக் குச்சிமேல் ஏற்றி கிளிப் போட்டு இறுக்கி, மறு பக்கத்தைத் தட்டையாக அமுக்கி டில்லர்மேல் போல்ட் போடலாம். அழகாக இருக்காது. ஒரு பருவம் ஓடும்.

பொருத்துவது

மூட்டு டில்லரின் மேல்புறம், முன்முனையிலிருந்து நான்கைந்து செ.மீ. உள்ளே வரட்டும். இன்னும் பின்னால் தள்ளினால் நெம்பும் பலம் குறையும், சுக்கான் கனக்கும். முனைக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் மரம் பிளக்கும்.

பென்சிலால் நடுக்கோடு போட்டு, துளை இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் சென்டர் பஞ்சால் ஒரு குத்து. முதலில் 3 மி.மீ. பிட், பிறகு போல்ட்டின் அளவு. பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. தேவைப்படும். டில்லருக்கு அடியில் ஒரு மரத்துண்டை அழுத்தி வைத்துக்கொண்டு ஓட்டுங்கள், அப்போதுதான் கீழ்ப்பக்கம் செதில் பெயராது. கையில் பிடிக்கும் டிரில் சாய்ந்துவிடும் என்று பயமாக இருந்தால், நின்ற டிரில் மிஷின் உள்ள பட்டறையில் கொடுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

மர டில்லர் என்றால் துளையைப் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, அரால்டைட் போன்ற எபாக்சியால் நிரப்பி நன்றாகக் காயவிட்டு, போல்ட் அளவு பிட்டை அதற்குள் ஓட்டுங்கள். துளைச் சுவர் முழுக்க எபாக்சி படிந்துவிடும், தண்ணீர் மரத்துக்குள் இறங்காது. இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் டில்லரைக் கவனித்துப் பாருங்கள், போல்ட்டைச் சுற்றிக் கறுத்திருக்கும்.

அலுமினிய டில்லர் உள்ளே பொள்ளல். போல்ட்டை முறுக்கினால் குழாய் நசுங்கும். உள்விட்டத்துக்குச் சரியாக ஒரு மரக்கட்டையைக் கடைந்து செருகிவிட்டுத் துளையிடுங்கள். லேத்தில் நைலான் கம்பியில் கடைந்து வாங்கினால் இன்னும் நல்லது, ஊறாது.

போல்ட், வாஷர், நட் எல்லாம் எஸ்.எஸ். 316 என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் கொடுப்பது 304. ஏரித் தண்ணீருக்கு அது தாங்கும், துறைமுகத்து உப்புத் தண்ணீரில் பழுப்புக் கறை பிடிக்கும். அலுமினியமும் எஸ்.எஸ்.ஸும் உப்பு நீரில் நேராக ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளைப் பொடியாகக் கிளம்பும். நடுவில் நைலான் வாஷர் வைத்து, போல்ட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நட் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் வகையாக இருக்கட்டும், சாதா நட் அதிர்வில் கழன்றுவிடும். ரப்பர் அடிப்பாகம் லேசாகப் பிதுங்குகிற வரை முறுக்கினால் போதும். நட்டுக்கு வெளியே இரண்டு புரிக்கு மேல் நீட்டினால் ஹாக்ஸாவால் அறுத்து ராவிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் முழங்கால் கிழியும், அப்புறம் பாய்.

குழாயை மூட்டின் செருகுமுனையில் மாட்டி, எதிரெதிரே இரண்டு அலுமினிய பாப் ரிவெட். மறுமுனைக்கு நாற்காலிக் கால் ரப்பர் புஷ். மூட்டை மாட்டுவதற்கும் புஷ்ஷை அடைப்பதற்கும் முன்பே இரு முனைகளிலும் சிறிது தெர்மகோலைத் திணித்து சிலிகான் வைத்து மூடினால் குழாய்க்குள் தண்ணீர் ஏறாது. கடைசியாக, 3 மி.மீ. கயிறு ஒன்றைக் குச்சிக்கும் டில்லருக்கும் நடுவே, மூட்டு வளைவதற்குத் தடையில்லாதபடி தொய்வாகக் கட்டுங்கள். மூட்டு அறுந்தால் குச்சி கடலுக்குப் போகாது, கரைவரை எப்படியும் ஓட்டி வந்துவிடலாம்.

பிடி

வெயிலில் கிடந்த அலுமினியத்தை மே மாதத்தில் தொட்டவருக்குச் சுற்றுவதன் அவசியம் புரியும். பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் கிரிப் டேப் இரண்டு வாங்கி, முனையிலிருந்து அரை நீளம்வரை சுற்றுங்கள். ஆம்பூர் பக்கத்தில் இருப்பதால் தோல் சுற்றலாமே என்று தோன்றும். பார்வைக்கு அருமையாக இருக்கும், நனைந்து நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும். முனையில் டேப்பை நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றிக் குமிழ்போல் விட்டால், பார்க்காமலே குச்சி முடியும் இடம் கைக்குத் தெரியும்.

தண்ணீரில்

முதல் தடவை மெல்லிய காற்றில் போங்கள். நீங்கள் காற்றுப் பக்கம் உட்கார்ந்திருந்தால், குச்சியை உங்களை விட்டு அப்பால் தள்ளினால் படகு காற்றை நோக்கித் திரும்பும், உங்கள் பக்கம் இழுத்தால் காற்றை விட்டு விலகும். மேடையில் மைக் பிடிப்பதைப் போல, கட்டைவிரல் மேலே இருக்க, குச்சியை நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே பிடியுங்கள். அப்படிப் பிடித்தால் அதே கையின் விரல்களால் மெயின்ஷீட்டையும் ஒரு நொடி பிடித்துவைக்க முடியும், மறு கை கீழே போய் அடுத்த பிடி எடுக்கலாம். குச்சியை உடம்புக்குப் பக்கவாட்டில், உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடிப்பவர்களும் உண்டு. அதில் இந்த வசதி குறைவு.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை ரப்பர் மூட்டை நன்றாக மடக்கி, மடங்கும் கழுத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் புதிது வாங்கிவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பந்தயத்துக்குப் போவதாக இருந்தால், அந்தப் படகு ரகத்தின் விதிப்புத்தகத்தில் எக்ஸ்டென்ஷன் பற்றி என்ன இருக்கிறது என்று குழாயை வெட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.