நின்றுபோன கட்டடத்தை மக்கள் வடிவமைப்பு மையமாக மாற்றுவது எப்படி?

தூண்கள் எழும்பி, ஒரு தளமோ இரண்டு தளமோ போடப்பட்டு, அதற்கு மேல் வேலை நின்றுபோன கட்டடங்கள் வடசென்னையின் பல தெருக்களில் இருக்கின்றன. பங்காளித் தகராறு, கடன், ஒப்பந்ததாரர் கைவிட்டது என்று காரணம் எதுவாக இருந்தாலும், தெருவுக்கு மிஞ்சுவது கொசுவும் குப்பையும்தான். அத்தகைய இடத்தை, அந்தப் பகுதி மக்கள் தங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் வரைபடம் போட்டுக்கொள்ளவும், கட்டுமானம் பற்றி ஆலோசனை பெறவும், கருவிகளைப் பகிரவும் கூடிய மையமாக மாற்ற முடியும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1964-லேயே கட்டடக் கலைஞர்கள் குடியிருப்போருக்காக இப்படி வேலை செய்தார்கள். ஓர் அறைக்குள் சமையலும் படிப்பும் உறக்கமும் நடக்கும் நம் பகுதிகளுக்கு இது இன்னும் அவசியம்.

வரைவதற்கு முன் பாருங்கள். காசிமேட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட கட்டடத்தில், காலை ஆறு மணிக்கு முதல் தளத்தின் நீட்டுக் கம்பிகளில் வலை காய்ந்துகொண்டிருந்தது. மதியம் அதே நிழலில் இரண்டு ஆட்டோக்கள் நின்றன. இரவு படிக்கட்டுக்கு அடியில் ஒற்றை விளக்கைத் தொங்கவிட்டுப் பிள்ளைகள் கேரம் ஆடினார்கள். ஒரு வாரம் இதைக் குறித்து வைத்த தாள்தான் எங்கள் முதல் வரைபடம். அந்த இடத்தை ஏற்கெனவே நம்பியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு அமைக்கும் மையத்துக்கு மக்கள் வரமாட்டார்கள் என்பதே என் உறுதியான எண்ணம்.

அடுத்தது ஆவணங்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றையும் எடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியவற்றின் கரையோர இடங்களில் இதை இருமுறை சரிபார்ப்பது நல்லது. தனியார் இடம் என்றால் வாய்வார்த்தை போதாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பத்தாண்டுக்குக் குறைவான குத்தகைக்கு நான் ஒரு மூட்டை சிமெண்ட்கூட இறக்கமாட்டேன். பழைய திட்ட அனுமதி செல்லுமா, பயன்பாட்டை மாற்றப் புதிய அனுமதி தேவையா என்பதை மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லிஃப்ட் குழியிலும் சம்பிலும் தேங்கிய நீரை இறைத்து மூடி, தளத்தின் விளிம்புகளில் தடுப்புக் கட்டும் வரை பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுக்க வேண்டியது கட்டடத்தின் பலத்தைச் சோதிப்பதில்தான். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், உள்ளே கம்பி துருப்பிடிக்கும்போது காங்கிரீட் பிளந்து உதிர்கிறது. கடற்காற்று படும் இடத்தில் இது விரைவாகவே நடக்கும். தூணின் ஒரு மூலையைச் சிறிது உடைத்து, தூசியைத் தட்டி, காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரத்தன்மையை இழந்த பகுதி நிறமின்றியே இருக்கும். நிறமற்ற பட்டை கம்பி வரை போயிருந்தால் கம்பிக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது என்று பொருள். சிவந்துவிட்டதே என்று நிம்மதி அடையவும் கூடாது. உப்பினால் வரும் துருவை இந்தச் சோதனை காட்டாது என்பதால், காங்கிரீட் தூளில் குளோரைடு அளவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மேற்பரப்பில் அடித்து, எவ்வளவு எகிறுகிறது என்று பார்த்துப் பலத்தைக் கணிக்கும் சுத்தியல் சோதனையை மட்டும் நம்புவதும் ஆபத்து, ஏனெனில் காரத்தன்மை இழந்த மேற்பரப்பு கடினமாகி, இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டிவிடும். ஆகவே சில இடங்களிலாவது காங்கிரீட்டை உருளையாகத் துளைத்தெடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, மிஞ்சிய விட்டத்தை அளந்து, கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுங்கள். மேலே கட்டலாமா, இருப்பதை மட்டும் காப்பாற்றலாமா, இடித்துவிடலாமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் அவர்.

எடை இன்னொரு விஷயம். வீட்டுக்கான தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கே (ஆட்கள், சாமான்களின் எடை) வடிவமைக்கப்படுகிறது. நிலையான இருக்கைகள் இல்லாத கூட்ட அரங்குக்கோ நம் தர விதிகள் சுமார் 500 கிலோ கேட்கின்றன. காற்று நன்றாக வருகிறதே என்று கூட்ட அறையை முதல் தளத்தில் வரைந்திருந்தோம். பொறியாளர் இந்தக் கணக்கைக் காட்டியதும் அதைத் தரைத்தளத்துக்கு இறக்கினோம். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அதுவே வசதி. நுழைவுச் சாய்தளத்தை ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அமையுங்கள்.

அறைகளைக் கணினியில் காட்டுவதைவிடத் தரையில் காட்டுவது நல்லது. கோலமாவால் சுவர்களை உண்மை அளவில் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களை உள்ளே நடக்கச் சொன்னோம். ஓர் அக்கா மாவுக்கோட்டைக் காலால் அழித்து, “இங்க குடத்தோட ரெண்டு பேரு எதிரெதிரே வர முடியாதும்மா” என்றார். வழியை ஓர் அடி அகலப்படுத்தினோம்.

2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயல் மழையும் எந்த உயரம் வரை வந்தன என்று எதிர்வீட்டுச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். மின்பலகை, மரச்சாமான், வரைபட அலமாரி எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வருவதால் அந்தப் பக்கத்தில் காற்று புகும் துளைகள் கொண்ட ஜாலிச் சுவர் எழுப்பி, மேற்கு வெயிலைக் கழிப்பறையும் படிக்கட்டும் தாங்கும்படி வையுங்கள்.

பணத்துக்கு, இடம் மாநகராட்சியுடையது என்றால், மக்கள் மூன்றில் ஒரு பங்கு தரும் நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பகிர்ந்து வேலை செய்யும் இடமும் படிப்பகமும் கொண்டதாகக் கொளத்தூரில் 2024-இல் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்துக்கு மக்களை அழைத்துப்போய்க் காட்டினால், வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பேசும்போது நாம் சொல்வது அவர்களுக்கு விளங்கும்.

ஆனால் முழுப் பணமும் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். தரைத்தளம் பாதுகாப்பானது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த வாரமே ஒரு மேசை, அளவு நாடா, கட்டம் போட்ட தாள், பென்சில் வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கட்டடக்கலை மாணவரையும் அனுபவமுள்ள மேஸ்திரி ஒருவரையும் உட்கார வையுங்கள். எங்களிடம் முதலில் வந்தவர், சமையல் புகை வெளியேற எங்கே ஓட்டை போடலாம் என்று கேட்டு, தன் வீட்டின் அளவுகளைப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.