மழைக்காட்டுப் பல்லியைப் புதிய இனமென நிறுவிப் பெயரிடும் முறை

காட்டில் கண்ட பல்லி வழக்கமானவற்றைப் போல் இல்லை என்பதாலேயே அது புதிய இனமாகிவிடாது. ஓர் இனத்துக்குள் இயல்பாகவே இருக்கும் வேறுபாடுகளையும் தாண்டி, நெருங்கிய உறவினங்கள் அனைத்திலிருந்தும் அது நிலையாக மாறுபடுகிறது என்று காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கேப் மெல்வில் மலைமேல் பெரும்பாறைக் குவியல்களுக்கிடையே உள்ள மழைக்காட்டில் 2013 மார்ச்சில் அறியப்பட்டு, அதே ஆண்டில் கான்ராட் ஹோஸ்கின், பேட்ரிக் கூப்பர் ஆகியோர் விவரித்த இலைவால் பல்லி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுமார் 20 செ.மீ. நீளமுள்ள அதன் மெலிந்த உடலும் நீண்ட கால்களும் பெரிய கண்களும் உறவினங்களிலிருந்து அதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டின.

எல்லாப் பல்லிகளும் இவ்வளவு தெளிவாகத் தனித்துத் தெரிவதில்லை. உரிய அனுமதி பெற்றுச் சேகரித்த பின், பதப்படுத்தினால் நிறம் மங்கிவிடும் என்பதால், உயிருடன் இருக்கும்போதே படமெடுக்க வேண்டும். உடலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலின் திரவம் மரபணுவைச் சிதைக்கும். ஆகவே அதற்கு முன்பே திசுத் துண்டு ஒன்றை எத்தனாலில் இட்டு வைக்க வேண்டும். வால் அறுந்து மீண்டும் வளர்ந்திருக்கலாம் என்பதால், மூக்கு நுனியிலிருந்து கழிவுத்துளை வரையிலான நீளமே முதன்மையான அளவு. உதட்டுச் செதில்கள், விரலடித் தகடுகள், ஆணின் சுரப்புத்துளைகள் ஆகியவற்றை நுண்ணோக்கியின்கீழ் எண்ணி, இருபாலிலும் முதிர்ந்த பல்லிகளை ஒப்பிட வேண்டும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய மூலமாதிரிகளை, அதாவது உறவினங்களுக்குப் பெயரிட்டபோது அடிப்படையாகக் கொண்ட பல்லிகளை, நேரில் பார்ப்பதே இதில் மிகவும் பொறுமை கோரும் வேலை. இதைத் தவிர்த்து எழுதப்படும் விவரணையை என்னால் நம்ப இயலாது. மரபணு வேறுபாட்டில் இத்தனை சதவீதம் இருந்தால் புதிய இனம் என்ற பொது எல்லை ஏதும் இல்லை. அது உடற்பண்புகளோடு ஒத்துப்போகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

பெயரிடுமுன், மறக்கப்பட்ட பழைய பெயர் ஏதேனும் இதே பல்லிக்கு உண்டா என்று தேடுங்கள்; இருந்தால், பொதுவாக முந்தையதற்கே உரிமை. அறிவியல் பெயரின் முதற்சொல் பேரினப் பெயர், இரண்டாவது அடைமொழி; அடைமொழி பெயரடையாக இருந்தால், பேரினப் பெயரின் பாலுக்கேற்ப அது அமைய வேண்டும்: சால்டுவேரியஸ் எனும் பேரினப் பெயர் ஆண்பால் என்பதால் கேப் மெல்வில் பல்லி எக்ஸிமியஸ் ஆயிற்று, எக்ஸிமியா ஆகவில்லை. ஹோலோடைப் எனும் பெயர்தாங்கி மாதிரி ஒன்றைக் குறித்து, அதைப் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்து, புதிய இனம் என்று வெளிப்படையாக எழுதி வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழெனில், விலங்குப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவதும் கட்டாயம். அரிய பல்லிகளைத் திருடி விற்போர் உள்ளதால், துல்லியமான இருப்பிடத்தை அருங்காட்சியகப் பதிவேட்டில் மட்டும் வைத்து, கட்டுரையில் பொதுவாகக் குறிப்பிடுவதே நல்லது.