சாசரின் துறவி: வாசிக்கும்போது வழுக்கும் இடங்கள்

'சாசர் துறவிகளைக் கடுமையாகச் சாடுகிறார்.' ஆங்கில இலக்கிய மாணவர்கள் நோட்ஸில் எழுதிவைத்துக்கொள்ளும் வரி இது. சாசர் பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர். கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் வழியில் கதை சொல்வதாக அவர் எழுதியது 'கேன்டர்பரி கதைகள்'; அந்த யாத்ரீகர்களை அறிமுகப்படுத்துவது அதன் முன்னுரை. நோட்ஸ் வரியை நம்பி அதைத் திறந்தால் குழப்பம்தான். மடத்துத் துறவியைப் பற்றி அங்கே ஒரு வசைச்சொல்கூட இல்லை.

1387 வாக்கில் எழுதத் தொடங்கியது அந்த முன்னுரை. அதில் வரும் துறவி ஆள் கம்பீரமானவர். லாயம் நிறையக் குதிரைகள், பறவை வேகத்தில் பாயும் வேட்டை நாய்கள். அங்கியின் கைகளில் விலையுயர்ந்த மென்மயிர், தாடைக்கடியில் காதல் முடிச்சு போட்ட தங்க ஊசி, கண்ணாடியாய் மின்னும் வழுக்கைத் தலை. அவருடைய கடிவாள மணி கோயில் மணிக்கு நிகராக ஒலிக்கிறதாம். மடத்து வாழ்க்கைக்குப் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த விதிகளான 'ஒழுங்கோ' அவருக்குப் பழசு, கொஞ்சம் கெடுபிடியும் கூட. புத்தகத்தைக் கட்டிக்கொண்டு ஏன் பைத்தியம் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார். கதை சொல்லும் 'நான்' உடனே, அவர் சொல்வது சரிதான் என்று தலையாட்டுகிறான்.

பலர் வழுக்கி விழுவது இங்கேதான். அந்த 'நான்' கவிஞர் அல்ல. யாரைப் பார்த்தாலும் வாய்பிளந்து பாராட்டும் ஒரு வெள்ளந்தி. பள்ளியில் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணி இதற்குப் பாதி தூரம்தான் துணைவரும். அதில் புகழ்பவனுக்குத் தான் இகழ்வது தெரியும். இவனுக்கு அதுவும் தெரியாது. தீர்ப்பு முழுவதும் வாசகர் தலையில்.

தீர்ப்பு சொல்லும் அவசரத்தில் செய்யாத குற்றத்தையும் சுமத்திவிடக் கூடாது. கொழுத்த அன்னப்பறவை வறுவல் துறவிக்கு உயிர். 'இறைச்சி தின்று ஒழுங்கை மீறினார்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு, நோயாளிகள் தவிர மற்றவர்களுக்கு விலக்கியது நாலுகால் விலங்கின் இறைச்சியைத்தான். அன்னத்துக்கு இரண்டு கால்! சட்டப்படி தப்பிக்கலாம், ஆனால் அன்னம் பணக்காரர் பந்திக்கு உரியது. குதிரை ஏறி ஊர் சுற்றுவதும் தன்னளவில் குற்றமில்லை. மடத்து நிலங்களை மேற்பார்ப்பது அவர் உத்தியோகம். போகிற போக்கில் முயல் வேட்டை ஆடுவதுதான் உறுத்தல்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'துறவி' என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிடுகிறோம். மடத்துத் துறவி மடத்துக்குள் இருக்க வேண்டியவர். வெளியே திரிவதால் கேலிக்கு ஆளாகிறார். அதே முன்னுரையில் வரும் ஹூபர்ட், பிச்சையெடுத்து வாழும் சபையைச் சேர்ந்தவர். திரிவதே அவர் வேலை. தொழுநோயாளிகளை விடச் சாராயக் கடைக்காரர்களை நன்றாகத் தெரிந்து வைத்திருப்பதும், காலில் செருப்பில்லாத விதவையிடம்கூடக் காசு கறப்பதும்தான் அவர் மேல் உள்ள புகார். அங்கேயே வரும் பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன் இந்த இரண்டிலும் சேராதவன். மூவரையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பினால் நையாண்டியின் கூர் மழுங்கிவிடும்.

இதையெல்லாம் வைத்து, சாசர் மடங்களையே ஒழிக்க நினைத்தவர் என்று முடிவுகட்டுவதும் பழைய தவறுதான். மன்னர் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தின் மடங்களை மூடியது சாசர் இறந்து நூறாண்டுக்கு மேல் கழித்து, 1536க்கும் 1540க்கும் இடையில். திருச்சபையைத் திட்டித் தீர்க்கும் 'உழவன் கதை' ஒன்று சாசர் படைப்புகளின் 1542 பதிப்பில் அவர் பெயரில் ஏறியது அதற்கும் பிறகு. அது அவர் எழுதியதல்ல. அவர் எழுதிய முன்னுரையிலேயே ஏழைப் பங்குச் சாமியார் ஒருவர் வருகிறார். மழையோ இடியோ, கோலூன்றி நடந்தே பங்கு மக்களைப் பார்க்கப் போகிறவர். அவரிடம் மட்டும் சாசர் விளையாடவே இல்லை.

1399 டிசம்பரில் சாசர் ஒரு வீட்டை 53 ஆண்டு குத்தகைக்கு எடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் தோட்டத்தில் இருந்த வீடு அது. மறு ஆண்டே இறந்து அந்த மடத்துக் கோயிலிலேயே அடக்கமானார். வீட்டுக்காரர்கள் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள்.