தொண்டைக் குழாயோடு வீடு வந்தவரைப் பார்த்துக்கொள்ள

டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். என் வீட்டுக்காரருக்கு 2024 நவம்பர் தொடக்கத்தில் புதுச்சேரி ஜிப்மரில் வாய்ப் புற்றுக்காகத் தாடை எலும்பில் ஒரு பாதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். நெஞ்சிலிருந்து சதையோடு தோலைத் திருப்பிக் கொண்டுவந்து வாய்க்குள் வைத்துத் தைத்தார்கள். கடலூருக்கு அனுப்பும்போது சாப்பாட்டுக்கு மூக்கில் ஒரு குழாய், மூச்சுக்குத் தொண்டையில் ஒரு குழாய். வார்டில் சிஸ்டர் செய்ததையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன், தெரியும் என்றுதான் நினைத்தேன். "நீங்க செய்ங்கம்மா" என்று அவர் என் கையில் கொடுத்ததும் விரல் நடுங்கிவிட்டது. சாப்பாடு ஊற்றுவது, சளி உறிஞ்சுவது, தொண்டைக் குழாய்க்குள் இருக்கும் உள்குழாயைக் கழற்றி மாட்டுவது, மூன்றையும் சிஸ்டர் முன்னால் நாலைந்து தடவை உங்கள் கையால் செய்துவிட்டு வாருங்கள். வீட்டில் ராத்திரி ரெண்டு மணிக்குக் கேட்க ஆள் கிடையாது.

முதலில் சாப்பாடு. திருப்பாதிரிப்புலியூரில் நான் இட்லிக் கடை வைத்திருக்கிறேன், அரைப்பதும் வடிகட்டுவதும் எனக்குப் புதிது இல்லை. அப்படியும் இரண்டாம் நாளே குழாயை அடைத்துவிட்டேன். கேழ்வரகுக் கஞ்சி பாத்திரத்தில் நீர்க்கத்தான் இருந்தது. ஆற ஆற இறுகும் என்பதை மறந்துவிட்டேன், பாதியில் சிரிஞ்சிலேயே நின்றுபோனது. கம்பியெல்லாம் விடக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து மெல்லத் தள்ளி, மெல்ல இழுத்து, கால் மணி நேரத்தில் அடைப்பு விட்டது. விடாவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அதிலிருந்து எல்லாவற்றையும் இட்லித் துணியில் இரண்டு முறை வடிகட்டுகிறேன்.

ஒவ்வொரு முறையும் ஊற்றுவதற்கு முன் மூக்குத் துவாரத்தில் குழாயில் போட்ட மை அடையாளம் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள். நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். குழாய் கழன்று வந்துவிட்டால் நீங்களே திரும்பச் செருகவே கூடாது, உள்ளே பச்சைத் தையல் இருக்கிறது. ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சை மூக்குக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ள வேண்டாம். ஒரு வேளைக்கு 200 மில்லி, இரண்டரை மணிக்கு ஒரு தடவை என்று எங்களுக்குச் சொன்னார்கள். முடிந்ததும் 50 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவி, முக்கால் மணி நேரமாவது படுக்க விடாதீர்கள். பாசிப்பருப்புத் தண்ணீர், பால், வேகவைத்து அரைத்த முட்டை, கொஞ்சம் எண்ணெய் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மாத்திரை எதைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். வாரம் ஒரு நாள் எடை பாருங்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கத் தொடங்கப் பார்ப்பார்கள், அதைத் தாங்க உடம்பில் வலு வேண்டும்.

தொண்டைக் குழாய்க்கு வருகிறேன். மூக்கு வழியாகப் போனால் காற்று ஈரமாகிப் போகும். இங்கே நேராக உள்ளே போவதால் சளி காய்ந்து பொருக்காகிவிடும். மெல்லிய வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து குழாய் மேல் எப்போதும் போட்டிருங்கள். பஞ்சு வேண்டாம், நார் உள்ளே போகும். கொசுவர்த்தி, சாம்பிராணி, முகப்பவுடர் எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. உள்குழாயை ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது கழற்றிக் கழுவினேன். திடீரென்று மூச்சு இழுத்தால் முதல் வேலை உள்குழாயை உருவிவிடுவதுதான், பல சமயம் அடைப்பு அதில்தான் இருக்கும். சளி உறிஞ்சும்போது டியூபை வெளியே எடுக்கையில் மட்டும் உறிஞ்ச வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள். நான் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன், எனக்கு முட்டினால் அவருக்கும் முட்டும்.

வீட்டுக்கு வரும் மின்சாரத்தை நம்பாதீர்கள். நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் தெரு இருண்டுவிட்டது, சளி உறிஞ்சும் சக்ஷன் மெஷின் நின்றுவிட்டது. வார்டில் சொல்லி வாங்க வைத்திருந்த, காலால் மிதிக்கும் சக்ஷன்தான் விடியும்வரை காப்பாற்றியது. மகன் டார்ச் பிடிக்க, நான் மிதித்தேன். நம் கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் ஆபரேஷன் என்றால் அதை வாங்காமல் வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.

கழுத்திலிருந்தோ வாயிலிருந்தோ சிவப்பாக ரத்தம் வந்தால், கொஞ்சம்தானே என்று விடாமல் உடனே 108. தையல் வழியாக எச்சில்போலக் கசிந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே போய்விடுங்கள். கழுத்துத் தோல் மரத்திருக்கும், ஷேவிங் பிளேடும் சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். நெஞ்சுத் தோல் என்பதால் வாய்க்குள் முடி முளைத்தது. அதைப் பார்த்துப் பயந்து இழுக்காதீர்கள், டாக்டர் வெட்டிவிடுவார்.

பேச்சு இல்லாத நாட்களில் ஒரு சிலேட்டும் மணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள், எழுதி முடிக்கும்வரை காத்திருங்கள். வீடு வந்த அன்று அவர் எழுதியது, "மாவு ஆட்டியாச்சா?"

டாக்டர் சரி என்றதும் வாய் திறக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். ஐஸ்க்ரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையே வைப்பது, வலி தாங்கும் அளவுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டுவது. கரண்ட் வைக்கும் வாரங்களிலும் நிறுத்தக் கூடாது, தாடை அதிகம் இறுகுவது அந்த வாரங்களில்தான். தினம் எத்தனை குச்சி என்று காலண்டரில் எழுதினோம். முதல் நாள் 6. பொங்கல் அன்று 11. இப்போது 15 போகிறது.