லேப்ரடார் குட்டி சரியா வளருதான்னு வீட்லயே பாக்குறது எப்படி

பெரிய ரக நாய்க்குட்டி வளர்க்கிறவங்க வீட்டுக்கு யார் வந்தாலும் "என்னங்க இவ்ளோ ஒல்லியா இருக்கான், சாப்பாடே போட மாட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேக்காம போக மாட்டாங்க, அதைக் கேட்டு மனசு கஷ்டப்பட்டு நாம ஒரு கரண்டி கூட போட ஆரம்பிச்சிடுவோம். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. எங்க வீட்ல இருக்கிறது கருப்பு லேப், ஆண், பேரு வீரா. அவனுக்காகத் தேடித் தேடிப் படிச்சு, டாக்டர்கிட்ட கேட்டு, வாரா வாரம் செஞ்சு பார்த்த முறையைத்தான் எழுதுறேன். ஊசி, பூச்சி மருந்து அட்டவணையெல்லாம் உங்க டாக்டர் கொடுத்திருப்பாரு, அதுக்குள்ள போகல.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. குட்டி எவ்ளோ பெருசாகும்ங்கிறது பெரும்பாலும் அதோட அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது. கூட போட்டா அந்த சைஸை சீக்கிரம் எட்டும், அவ்ளோதான். எலும்பு முனையில இருக்கிற வளர்ச்சித் தட்டு லேப் மாதிரி ரகத்துக்கு 12ல இருந்து 18 மாசம் வரைக்கும் மூடாது, அதுக்குள்ள உடம்பு எடை ஏறிட்டா பாரம் முழுக்க இடுப்பு மூட்டு, முழங்கை மேலதான். அமெரிக்காவுல 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியா பிரிச்சு, ஜோடியில ஒண்ணுக்கு மத்ததை விட 25% கம்மியா சாப்பாடு போட்டு கடைசி வரைக்கும் 14 வருஷம் கவனிச்சாங்க, முடிவு 2002ல வந்துச்சு. கம்மியா சாப்பிட்ட கூட்டம் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் கூட வாழ்ந்துச்சு, மூட்டுத் தேய்மானமும் அதுங்களுக்கு லேட்டாதான் வந்துச்சு. எனக்கு இது ஒண்ணே போதுமா இருந்துச்சு.

என்னென்ன வேணும்

பாத்ரூம் எடை மெஷின், கிச்சன் ஸ்கேல், ஒரு நோட்டு. ஆப் எதுவும் தேவையில்ல, ஸ்டெப் 2ல சொல்ற வளர்ச்சி சார்ட்டை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிட்டா வீட்ல எல்லார் கண்ணுலயும் படும், அதுதான் பெஸ்ட். தீனி பாக்கெட்டோட வர்ற அளவு கப்பை மட்டும் நம்பாதீங்க, அதே கப்புல நான் அள்ளுனா ஒரு அளவு, எங்கம்மா அள்ளுனா வேற அளவு. கிராம்ல நிறுத்துப் போடுங்க.

ஸ்டெப் 1: எடை பாக்குறது

வாரத்துக்கு ஒரு நாள், காலையில வெளிய போயிட்டு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னாடி. குட்டியைத் தூக்கிட்டு மெஷின்ல ஏறுங்க, அப்புறம் நீங்க மட்டும் ஏறுங்க, கழிச்சுக்கோங்க. மெஷின் தரையில இருக்கணும், மேட் மேல வச்சா தப்பா காட்டும்.

இதுல ஒரு விஷயம் இருக்கு, சொல்லியே ஆகணும். சில டிஜிட்டல் மெஷின்ல கடைசியா பார்த்த எடையை ஞாபகம் வச்சுக்கிற வசதி இருக்கும், ரெண்டாவது தடவை ஏறுனா வித்தியாசம் கொஞ்சமா இருந்தா பழைய நம்பரையே திரும்பக் காட்டிடும். மூணு தடவை ஏறியும் ஒரே நம்பர் வருதே, ஆஹா கரெக்டுன்னு நினைப்போம், ஆனா அது புதுசா அளக்கவே இல்ல. நடுவுல ஒரு தடவை அரிசி மூட்டையோ தண்ணி கேனோ வச்சு எடுத்துட்டு ஏறுங்க, அப்பதான் உண்மையான எடை வரும். குட்டியோட ஒரு வார ஏத்தமே ஒரு கிலோ பக்கம்தான், அதுல அரை கிலோ தப்பா வந்தா சார்ட்ல கோடே மாறிடும்.

20 கிலோ தாண்டுனா தூக்குறது கஷ்டம். அப்புறம் ஆஸ்பத்திரி மெஷின், இல்லன்னா தெரு முனை பழைய பேப்பர் கடையில தரையில வைக்கிற மெஷின் இருந்தா கேட்டுப் பாருங்க. ஆறு மாசத்துக்கு அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

ஸ்டெப் 2: சார்ட்ல புள்ளி வைக்கிறது

வால்தம்ங்கிற செல்லப்பிராணி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நாய்க்குட்டி வளர்ச்சி சார்ட் நெட்ல இலவசமா கிடைக்குது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, வளர்ந்தப்புறம் எவ்ளோ எடை வரும்ங்கிறதை வச்சு அஞ்சு பிரிவு. ஆண் லேப் பொதுவா 29ல இருந்து 36 கிலோ வரும், அதனால 30-40 சார்ட் எடுங்க. பெண்ணுக்கு அப்பா அம்மா எடையைக் கேட்டுட்டு 15-30ஆ, 30-40ஆன்னு முடிவு பண்ணுங்க. சார்ட் 12 வாரத்துலதான் ஆரம்பிக்கும், அதுக்கு முன்னாடி நோட்டுல மட்டும் எழுதி வைங்க.

சார்ட்ல ஒன்பது கோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். நடுக்கோட்டுலதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. எந்தக் கோட்டுப் பக்கத்துல ஆரம்பிச்சதோ அதை ஒட்டியே போகுதான்னு பாருங்க. மேலயோ கீழயோ ரெண்டு கோட்டைத் தாண்டிட்டா டாக்டரைப் பாருங்க. ஒரு வாரப் புள்ளி கொஞ்சம் எகிறிச்சுன்னு பதற வேண்டாம்.

கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் வச்சிருக்கிறவங்களுக்கு இந்த சார்ட் உதவாது, 40 கிலோவுக்கு மேல போடல. உங்களுக்கு அடுத்த ஸ்டெப்தான் எல்லாமே.

ஸ்டெப் 3: கையால தடவிப் பாக்குறது

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாத இடம் இதுதான், அதனால மெதுவா சொல்றேன். எடை நம்பர் மட்டும் பார்த்தா கொழுப்பு ஏறுதா எலும்பு வளருதான்னு தெரியாது. டாக்டருங்க ஒன்னுல இருந்து ஒன்பது வரைக்கும் ஒரு உடல்வாகு மார்க் போடுவாங்க (ஒண்ணுன்னா ரொம்ப ஒல்லி, ஒன்பதுன்னா ரொம்ப குண்டு), வளர்ற பெரிய ரகக் குட்டிக்கு 4 இருந்தா அருமை, 5 வரைக்கும் ஓகே.

உங்க இடது கையைத் தட்டையா விரிச்சு புறங்கையைத் தடவுங்க, எலும்பு லேசா தட்டுப்படுதா? குட்டியோட விலா அப்படித்தான் இருக்கணும். கையை முஷ்டியா மூடி முட்டி மேல தடவுனா எப்படி இருக்கும், விலா அப்படி இருந்தா ரொம்ப ஒல்லி. கையைத் திருப்பி உள்ளங்கையில விரலுக்குக் கீழ இருக்கிற மேடு மாதிரி மெத்துனு இருந்தா கொழுப்பு கூடுதல்.

லேப் முடி ரெண்டு அடுக்கு, அதனால மேலாப்ல தடவாதீங்க. குட்டி நின்னுட்டு இருக்கும்போது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னாடி ரெண்டு பக்க விலா மேலயும் விரலை வச்சு முன்னும் பின்னுமா நகர்த்துங்க. அப்புறம் மேல நின்னு பாருங்க, விலாவுக்குப் பின்னாடி இடுப்பு குறுகணும். உக்காந்து இருக்கும்போது பார்த்தா எல்லாக் குட்டியும் குண்டாதான் தெரியும்.

விலா எல்லாம் தெரியுது, வயிறு மட்டும் பானையா உப்பி இருக்குன்னா அது சாப்பாட்டுக் குறை இல்லாம புழுவா இருக்கலாம். மலத்தை டெஸ்ட்டுக்குக் கொடுங்க.

ஸ்டெப் 4: சாப்பாட்டை மாத்துறது

ஒரு நாளைக்கு எவ்ளோ கலோரி வேணும்ங்கிற கணக்கு இது: கிலோவுல எடையை மூணு தடவை எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்குங்க, வர்றதுக்கு ரெண்டு தடவை வர்க்கமூலம் போடுங்க, 70ஆல பெருக்குங்க. நாலு மாசம் வரைக்கும் அதுல மூணு மடங்கு, அப்புறம் ரெண்டு மடங்கு. 10 கிலோ குட்டின்னா 10×10×10 ஆயிரம், வர்க்கமூலம் 31.6, இன்னொரு தடவை 5.62, 70ஆல பெருக்குனா 394. மூணு மடங்கு கிட்டத்தட்ட 1180 கலோரி. இப்ப அதே குட்டி நாலு மாசம் தாண்டி 15 கிலோ ஆச்சுன்னா கணக்கு போட்டுப் பாருங்க, 1070 பக்கம்தான் வரும். எடை கூடுச்சு, தேவை கூடல! இங்கதான் நிறைய பேர் ஏத்திக்கிட்டே போறோம். இது ஆரம்பக் கணக்குதான், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை விலாவைத் தடவிட்டு 10% கூட்டவோ குறைக்கவோ செய்ங்க. பிஸ்கட், ரஸ்க், பயிற்சிக்குக் கொடுக்கிற துண்டு எல்லாமே இந்தக் கணக்குக்குள்ளதான்.

இன்னும் பசிக்குதுன்னு பாவமா பார்ப்பான். லேப் ரகத்துல சுமார் நாலுல ஒண்ணுக்கு பசி அடங்காம பண்ற ஒரு மரபணு மாற்றம் இருக்குன்னு 2016ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க, அதனால அந்தப் பார்வையை வச்சு மட்டும் சாப்பாடு அளக்காதீங்க.

தீனி வாங்கும்போது பெரிய ரகக் குட்டிக்குன்னு எழுதி இருக்கிறதை எடுங்க. ஈரப்பதம் நீக்கிக் கணக்குப் போட்டா கால்சியம் 1.8%க்கு மேல போகக் கூடாதுன்னு அமெரிக்காவுல தீனிக்கு அளவு வகுக்கிற ஆஃப்கோ (AAFCO) அமைப்பு சொல்லுது. அந்தத் தீனி போடுறவங்க மேற்கொண்டு கால்சியம் சிரப் ஊத்தவே கூடாது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குட்டியோட குடல் வேண்டாத கால்சியத்தைத் தடுக்கத் தெரியாம உள்ள இழுத்துக்கும், எலும்பு கோணலா வளரும்.

அப்டேட்: சிரப் வேண்டாம்னு படிச்சுட்டு, சோறும் கோழியும் போடுற ஒருத்தர் நிறுத்திட்டேன்னு கமெண்ட் போட்டிருந்தாங்க. ஐயோ, அது வேற கதை. வெறும் சோறு, கறியில பாஸ்பரஸ் இருக்கு, கால்சியம் கிட்டத்தட்ட இல்ல, அப்படியே போனா எலும்பு மெலிஞ்சு தானா உடையும். வீட்டுச் சாப்பாடுன்னா எவ்ளோ கால்சியம் சேக்கணும்னு டாக்டர்கிட்ட எடைக் கணக்கு போட்டு வாங்கிக்கோங்க, உங்க இஷ்டத்துக்கு நிறுத்தவும் வேண்டாம், ஊத்தவும் வேண்டாம்.

இன்னொரு அப்டேட்: ஜெர்மன் ஷெப்பர்டுக்கு காது நிக்கலன்னு கால்சியம் கொடுக்கலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. காது குருத்தெலும்பு, பல்லு முளைக்கிற 4-6 மாசத்துல நின்ன காதே விழுந்து எழும். அதுக்காகக் கொடுக்காதீங்க. அதே ரகத்துல 5 மாசத்துக்கு மேல ஒரு வாரம் இந்தக் கால், அடுத்த வாரம் அந்தக் கால்னு மாத்தி மாத்தி நொண்டுனா, இல்ல முயல் மாதிரி பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தாவி ஓடுனா, சார்ட் எவ்ளோ அழகா இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வச்சிருக்கிறவங்க: உங்க குட்டிக்கு கடைசி விலா ரெண்டு மூணு வெளிய தெரியுறது அந்த ரகத்தோட வாகு. அதை லேப் மாதிரி ஆக்கணும்னு போட்டு அடைக்காதீங்க, முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கிட்டு இருந்தா மட்டும் கவலைப்படுங்க.