ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: திராவிடர் படையை எங்கே நம்பலாம்?

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு 2022இல் வெளிவந்த ‘டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர் படையும் இராசேந்திர சோழனின் போர்த்தொடரும் இடம்பெற்றிருப்பதால், அண்டை மாநிலமான கெடாவில் (பழைய கடாரம்) உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் தளத்தைப் பார்த்திருக்கும் பினாங்குத் தமிழ் இளையோர் அதை விரும்புவது இயல்பே.

தொடக்கத்தில் நீர் மிகுந்த வரைபடத்தையே தேர்ந்தெடுங்கள். விளையாட்டின் வளர்ச்சிக் கட்டமான யுகம் ஒவ்வொன்றும் உயரும்போது இலவசமாகக் கிடைக்கும் 200 மரத்தைத் தயங்காமல் துறைமுகத்திலும் மீன்பிடிப் படகுகளிலும் செலவிட்டு, இறுதி யுகத்தில் திராவிடருக்கு மட்டுமே உரிய திரிசடைப் போர்க்கப்பல்களால் கடலைக் கைப்பற்றுங்கள். எதிராளி மலாய் நாகரிகத்தை எடுத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவர்கள் யுகம் உயர எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவு.

தரையில் நிலைமை வேறு. நைட் குதிரைவீரர்கள் இவர்களுக்கு இல்லை. இருக்கும் இலகு குதிரைப்படைக்கும் உயிர்ப்பலத்தைக் கூட்டும் ‘பிளட்லைன்ஸ்’ மேம்பாடு கிடையாது. ஆகவே திறந்தவெளியில் ஈட்டி வீரர்களை முன்னிறுத்தி, மற்றவர்களைவிட வேகமாக எறியும் இவர்களது ஸ்கர்மிஷர்களை (எறியீட்டி வீரர்களை) பின்னால் நிறுத்துங்கள்.

குதிரைப்படையைவிடப் பெரிய குறை, என் கருத்தில், வரலாற்றைச் சார்ந்தது: 1025இல் சோழர் கடற்படை கடாரம்வரை வந்த உலகின் வணிகத்தை இவ்விளையாட்டு, துறைமுகங்களுக்கிடையே தங்கம் ஈட்டும் படகுகளாகச் சுருக்கிவிடுகிறது.