மேப்பிள் இலைகள் மூடிய புல்தரையைச் சுத்தம் செய்வது எப்படி?

டொராண்டோ பக்கம் புதிதாக வீடு வாங்கியவர்கள், கோடை முழுக்க முன்வாசல் மேப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அக்டோபர் வந்ததும் அந்த நிழலுக்கான வாடகையை மரம் மொத்தமாக வசூலித்துவிடும். பயப்பட வேண்டாம். இந்த வேலையில் முக்கால்வாசிப் பேர் தேவைக்கு அதிகமாகவே உழைக்கிறார்கள். எல்லா இலையையும் அள்ள வேண்டியதே இல்லை.

எதற்காக அள்ளுகிறோம்? இங்கே இருப்பது குளிர்நாட்டுப் புல். பனி மூடும் வரைக்கும் பச்சையாக இருந்து வெயிலை வாங்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஈர இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் மாதிரி படிந்துவிட்டால் வெளிச்சமும் காற்றும் போகாது, வசந்தத்தில் பனி உருகும்போது சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் பூஞ்சை பிடித்த புல்தான் மிஞ்சும். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் இலைகளால் ஒரு கெடுதலும் கிடையாது.

எப்போது இறங்குவது?

தினமும் இலை வாரும் ரேக்கைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இடுப்புதான் போகும். பாதி இலை விழுந்ததும் ஒரு முறை, ஏறக்குறைய எல்லாம் விழுந்ததும் இன்னொரு முறை, அவ்வளவு போதும். ஆனால் முழுதாக உதிரட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. தெருவோரங்களில் நிறைய இருக்கும் நார்வே மேப்பிள் நவம்பர் வந்த பிறகும் மஞ்சள் இலைகளோடு நிற்கும், அதற்குள் பனி கொட்டிவிடலாம். மழை விட்டு நன்றாகக் காய்ந்த நாளாகப் பாருங்கள், ஈர இலையின் கனம் அள்ளும்போதுதான் தெரியும்.

முதலில் புல்வெட்டும் இயந்திரம், ரேக் அப்புறம்

நான் அடித்துச் சொல்வது இதைத்தான். லான் மோவரின் பின்பக்கப் பையைக் கழற்றிவிட்டு, பிளேடு உயரத்தை 3 அங்குலத்தில் வைத்து, இலைகளின் மேலேயே மெதுவாக ஓட்டுங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். (ஓட்டும் முன் குச்சி, கல், பிள்ளைகளின் பொம்மை எதுவும் இலைக்குள் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.) இலை பத்து சென்ட் காசு அளவுத் துண்டுகளாகிப் புல்லுக்கு இடையில் இறங்கி, மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாக மக்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வாளர்கள் இதைப் பல வருடம் சோதித்துப் பார்த்து, புல்லுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஓட்டி முடித்துவிட்டு நின்று பாருங்கள். பாதிக்கு மேல் புல் தெரிகிறதா? சரி, வேலை முடிந்தது, உள்ளே போய் டீ குடியுங்கள். வெறும் இலைத்தூளாகவே தெரிந்தால்தான் மிச்சத்தை வார வேண்டும்.

வாரும் முறை

விசிறி போல விரிந்த பிளாஸ்டிக் ரேக் வாங்குங்கள், 24 முதல் 30 அங்குல அகலம். மண்ணைச் சமப்படுத்துகிற, பல் குட்டையான இரும்பு ரேக் வேண்டவே வேண்டாம், அது புல்லை வேரோடு பிடுங்கும். கூடவே ஒரு பழைய தார்ப்பாய், கையுறை.

தோட்டத்து இலையையெல்லாம் ஒரே குவியலாக இழுத்துச் சேர்ப்பதுதான் புதியவர்கள் செய்வது. அதற்குப் பதில், தார்ப்பாயை இலை இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விரியுங்கள். காற்று வீசும் திசையிலேயே, சரிவு இருந்தால் மேலிருந்து கீழாக, ரேக்கை அழுத்தாமல் மேலோட்டமாக இழுத்துத் தார்ப்பாயில் தள்ளி, நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துப் போய்விடலாம். அடிக்கடி கை மாற்றிப் பிடியுங்கள், குனியாமல் நில்லுங்கள்.

ரூஜ் பள்ளத்தாக்கு மாதிரிக் காட்டுப் பகுதியை ஒட்டிய வீடு என்றால் இலைக்குள் உண்ணி இருக்கலாம். பேன்ட்டைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், முடித்ததும் உடம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அள்ளியதை எங்கே போடுவது?

கத்தரி, தக்காளி போட்ட பாத்தி காலியாகத்தானே கிடக்கிறது? நறுக்கிய இலையைச் சில அங்குலம் அதில் பரப்பிவிடுங்கள். அக்டோபரில் பூண்டு நட்டிருந்தால் அதற்கு இதைவிட நல்ல போர்வை கிடையாது. கருப்பு வால்நட் மரத்து இலையை மட்டும் அங்கே போட வேண்டாம், அதிலுள்ள ஒரு நச்சுப்பொருள் தக்காளிக்கும் கத்தரிக்கும் ஆகாது. தார் சொட்டியதுபோல் கரும்புள்ளி விழுந்த மேப்பிள் இலையையும் வீட்டில் மக்க வைக்காமல் நகராட்சிக்கே அனுப்பிவிடுங்கள். அந்தப் பூஞ்சை உதிர்ந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும்.

நகராட்சிக்கு வைப்பது பழுப்புக் காகிதப் பையில், அல்லது மேலே திறந்த உறுதியான தொட்டியில். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் டொராண்டோவில் எடுக்க மாட்டார்கள், ஒரு பை 20 கிலோவைத் தாண்டவும் கூடாது. பையின் வாயை இரண்டு மடிப்பு வெளிப்பக்கம் மடித்துவிட்டால் சாயாமல் நிற்கும். மழையில் நனைந்தால் அடி கிழிந்துவிடும் என்பதால் எடுக்கும் நாள் வரை கராஜில் வையுங்கள். எந்த நாள் என்பது நகராட்சி நாட்காட்டியில் இருக்கும்.

ஊர் வழக்கப்படி கூட்டிக் கொளுத்துவது இங்கே சட்டப்படி கூடாது. தெருவில் தள்ளிவிடுவதும் கூடாது, அது நேராகப் போய் மழைநீர் வடிகாலை அடைத்து, உங்கள் வாசலிலேயே தண்ணீர் கட்டும்.

கடைசியாகக் கூரையோரத் தண்ணீர்க் குழாய்கள். மரம் முழுதும் உதிர்ந்த பிறகு அவற்றிலிருக்கும் இலையையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளேயே நின்று உறைந்துவிடும். ஏணியில் ஏறுவதாக இருந்தால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், இரண்டு மாடி வீட்டுக்கு ஆள் வைத்தே செய்யுங்கள்.